திரை வழியே கண் அறுவை சிகிச்சை சொல்லிக்கொடுத்தபோது

செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணி ஆனால் நானும் எங்கள் தியேட்டர் சிஸ்டரும் ஆஸ்பத்திரி மாடியில் உள்ள சின்ன அறைக்குப் போய்விடுவோம். ஒரு பெரிய டிவி, லேப்டாப், மைக், பக்கத்தில் ஒரு நோட்டு. திரையில் தான்சானியாவின் உள்நாட்டில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டர் வரும். அங்கே அப்போது பிற்பகல் இரண்டு மணி. மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே ஒரு கண், அதன் ஓரத்தில் ஒரு டாக்டரின் விரல்கள். அவருடைய முகத்தைவிட அந்த விரல்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நான் மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் இருபது வருடத்துக்கு மேலாகக் கண்புரை அறுவை சிகிச்சை செய்கிறேன். செய்வதோடு இளம் டாக்டர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். 2021இலிருந்து வெளிநாட்டு டாக்டர்களுக்குத் திரை வழியாகவும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். "மேடம், இதெல்லாம் வீடியோவில் வருமா?" என்று எங்கள் ஊர் டாக்டர்களே கேட்கிறார்கள். வரும். ஆனால் சொல்லிக்கொடுக்கிறவர் முதலில் ஒரு வேலை செய்ய வேண்டும். இத்தனை வருடமாகத் தன் கைக்குத் தெரிந்ததையெல்லாம், கண்ணால் பார்த்து அடையாளம் காணக்கூடியதாக மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு அதற்கு இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடத்தில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

மதுரைக்காரர்களுக்குக் கண் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கியது இந்த ஊரில்தான். முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களால் கத்தி பிடிக்கத் தன்னைத்தானே பழக்கிக்கொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார் என்பதைக் கேட்டுத்தான் என் தலைமுறை டாக்டர்கள் இந்தத் துறைக்குள் வந்தோம். பிறகு 1992இல் ஆரோலேப் வந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையிலேயே மலிவாகச் செய்ய ஆரம்பித்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவின் மற்ற நாடுகளிலிருந்தும் டாக்டர்கள் இந்த ஊருக்குப் படிக்க வருவது அப்படிப் பழகிப்போன காட்சி.

அவர்கள் இங்கே வந்து கற்றுக்கொள்வது பெரும்பாலும் மெஷின் தேவைப்படாத சிறுதுளை முறை. வெள்ளைவிழியில் ஆறு மில்லிமீட்டர் சொச்சம் அகலத்துக்கு ஒரு டனல் போட்டு, அதன் வழியாகப் புரை விழுந்த லென்ஸை முழுசாக வெளியே எடுத்து, புது லென்ஸை வைப்பது. டனல் சரியாக வந்தால் தையல் வேண்டாம், கதவு மாதிரி தானே மூடிக்கொள்ளும். புரையை மீயொலியால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் விலை உயர்ந்த ஃபேக்கோ மெஷின் இல்லாத ஊருக்கு இதுதான் பொருத்தம். அதற்காக இதை மட்டமான முறை என்று யாரும் நினைக்க வேண்டாம். நேபாளத்தில் இரண்டையும் ஒப்பிட்டு 2007இல் வந்த ஆய்வில் இரண்டிலுமே பார்வை நன்றாகத் திரும்பியது. இதற்கு நேரமும் செலவும் குறைவாகப் பிடித்தது. பயிற்சி டாக்டர்களின் கையில் ஃபேக்கோவைவிட இதில்தான் சிக்கல் குறைவு என்று அரவிந்த் மருத்துவமனையின் கணக்கை வைத்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது.

2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. வர வேண்டியவர்கள் வர முடியவில்லை. அவர்களில் ஒருவர்தான் இந்தத் தான்சானியா டாக்டர். கண் மருத்துவம் படித்தவர், ஆனால் தனியாகச் செய்த அறுவை சிகிச்சைகள் மிகக் குறைவு. அங்கே அவருக்கு மேல் ஒரே ஒரு சீனியர். இருவருக்குமாகப் பல மாவட்டங்களிலிருந்து நோயாளிகள். "நான் வர முடியாவிட்டால் நீங்கள் திரை வழியாக வாருங்கள், மவாலிமு" என்று எழுதியிருந்தார். சுவாஹிலியில் மவாலிமு என்றால் வாத்தியார்.

முதல் வகுப்பே தடுமாறியது. "செவ்வாய் மூன்று மணி" என்று செய்தி அனுப்பியிருந்தார். அவர்களுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். நான் கூட்டிப் பார்த்து மாலை ஐந்தரைக்கு உட்கார்ந்தேன். அவர்களோ காலையிலிருந்தே காத்திருந்தார்கள். சுவாஹிலி பேசுகிற ஊர்களில் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்களாம். காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. மூன்று மணி என்றால் நம் கணக்கில் காலை ஒன்பது. மேலூர் பக்கத்தில் எங்கள் அப்பத்தா "பொழுது கிளம்பி அஞ்சு நாழிகை ஆச்சு" என்று சொல்வது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதே கணக்கு, வேறு ஊர். அன்றிலிருந்து மதுரை நேரம், அவர்கள் நேரம் இரண்டையும் 24 மணிக் கணக்கில் எழுதித்தான் அனுப்புகிறோம். வெளிநாட்டோடு வகுப்பு வைக்கிற யாரும் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். நோயாளி பட்டினியோடு காத்திருக்கும் நாளில் இந்தக் குழப்பம் வரக்கூடாது.

அடுத்து நடந்ததை எழுதக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமில்லை.

மூன்றாவது மாதம். ஒரு பாட்டியின் கண். நான் நேரலையில் பேசிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது போலவே திரையிலும் சொல்லலாம் என்று நம்பியிருந்தேன். டனல் நன்றாக வந்தது, புரை வெளியே வந்துவிட்டது. உள்ளே ஒட்டியிருக்கும் மிச்சப் பசையை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுக்கும் கட்டம். லென்ஸின் பின்பக்கத்து உறை, ஒரு மில்லிமீட்டரை 250 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். உறிஞ்சும் துளையில் அது சிக்கினால் சிக்கிய இடத்திலிருந்து நாலாபக்கமும் மெல்லிய கோடுகள் ஓடும், சிலந்தி வலை மாதிரி. அந்தக் கோடுகளைத் திரையில் பார்த்தேன். "ஸ்டாப்" என்றேன். நான் பார்த்த படம் அங்கே நடந்து முடிந்து ஒரு விநாடி ஆகியிருந்தது. என் குரல் அங்கே போய்ச் சேர இன்னொரு விநாடி. அவர் காதில் அது விழும்போது உறை கிழிந்துவிட்டது.

அந்த சீனியர் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். உடனே அவர் உட்கார்ந்து, கிழிசல் வழியாக முன்னால் வந்த விட்ரியஸை, அதாவது கண்ணின் பின்பகுதியில் நிறைந்திருக்கும் கூழை, வெட்டிச் சுத்தம் செய்து, புது லென்ஸை முன்பக்கத்து உறையின் மேல் வைத்து முடித்தார். ஒரு மாதம் கழித்துப் பாட்டிக்குப் பார்வை தேறிவிட்டது என்று தகவல் வந்தது. அதுவரை எனக்குத் தூக்கம் சரியில்லை. கிழித்தது என் கை இல்லைதான். ஆனால் என் குரலை நம்பித்தான் அந்தக் கை உள்ளே போயிருந்தது. ஒருவர் சொல்வார் என்று காத்திருக்கும் கை, தானாகப் பார்ப்பதை நிறுத்திவிடும். திரையில் அது இரண்டு மடங்கு ஆபத்து, ஏனென்றால் சொல்கிறவர் பார்ப்பதே பழைய படம்.

அந்த வாரமே முறையை மாற்றினோம். கண்ணுக்குள் கருவி இருக்கும்போது நான் பேசுவதில்லை. கருவி வெளியே வந்த பிறகுதான் பேசுவேன். உள்ளே இருக்கும்போது மூன்றே மூன்று சொற்கள் மட்டும்: நில், எடு, தண்ணி. ஆமாம், தமிழில்தான். நோயாளி விழித்துக்கொண்டுதான் இருப்பார், கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருக்கும். பேசுவதெல்லாம் காதில் விழும். சுவாஹிலியிலோ ஆங்கிலத்திலோ "நிறுத்து" என்று ஒரு குரல் கேட்டால், படுத்திருப்பவர் பயந்து தலையைத் திருப்பிவிடுவார். டாக்டர் காதில் ஹெட்போன் இருந்தாலும் கருவி எடுத்துக்கொடுக்கிற நர்ஸுக்கும் கேட்க வேண்டியிருப்பதால் ஸ்பீக்கரையும் மெதுவாக வைத்திருப்பார்கள். அந்தத் தியேட்டரில் இருக்கும் எல்லோரும் இந்த மூன்று சொற்களையும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

இன்னொன்றையும் எழுத்தில் வைத்துக்கொண்டோம். மேஜைக்குப் பக்கத்தில், உடனே கையை மாற்றிக்கொள்ளக்கூடிய சீனியர் இல்லாவிட்டால் நேரலை கிடையாது. இந்திய அரசு 2020 மார்ச் 25இல் வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்களைப் படித்துப் பார்த்தேன். தூரத்திலிருந்து அறுவை சிகிச்சை செய்வதும், மருத்துவர்களுக்கான தொடர்கல்வியும் அதன் வரம்புக்குள் வராது. இந்தியாவுக்கு வெளியே ஆலோசனை சொல்லவும் அதில் இடமில்லை. ஆகவே நான் அந்த நோயாளியின் டாக்டர் இல்லை, அந்த டாக்டரின் வாத்தியார் மட்டும்தான் என்பதை இரண்டு ஆஸ்பத்திரியும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறோம். முடிவெடுப்பது, பொறுப்பு, அனுமதி எல்லாம் அங்கே அந்த அறையில் இருப்பவர்களுடையது. இந்தத் தெளிவு இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம்.

சரி, நேரலையைக் குறைத்துவிட்டோம், பிறகு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இரண்டு வழியில்: முன்னால் பயிற்சிக் கண்ணில், பின்னால் பதிவு செய்த வீடியோவில்.

பயிற்சிக் கண் என்றால் ஆட்டுக்கண். எங்கள் ஆஸ்பத்திரிக்கு நெல்பேட்டைக் கறிக்கடையிலிருந்து காலையில் வாங்கி வருவோம், ஐஸ் பெட்டியில். அவர்கள் ஊரிலும் ஆட்டுக்கறிக் கடை உண்டு. வெட்டிய அன்றே பயன்படுத்தினால்தான் கருவிழி தெளிவாக இருக்கும். ஒரு தெர்மக்கோல் துண்டில் குழி போட்டு, கண்ணை வைத்து, குண்டூசியால் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: ஆட்டுக்கண்ணின் லென்ஸ் உறை, வயதான மனிதரின் உறையைவிட ரப்பர் மாதிரி இழுபடும். புரையை எடுக்க முன்பக்கத்து உறையை நாமே வட்டமாகக் கிழிக்க வேண்டும். ஆகவே அதை ஆட்டுக்கண்ணில் பழகினால் கை அதிகமாக இழுக்கக் கற்றுக்கொண்டுவிடும். டனலுக்கு ஆட்டுக்கண், உறை கிழிக்கத் தக்காளித்தோல் என்று பிரித்துக்கொண்டோம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். கென்யா, தான்சானியா, உகாண்டா, ஜிம்பாப்வே பயிற்சி டாக்டர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. செயற்கைக் கண்ணில் தீவிரமாகப் பயிற்சி எடுத்துவிட்டுத் தியேட்டருக்குப் போனவர்களின் கையில் பின்பக்க உறை கிழிந்தது 100க்கு 8க்கும் கீழே. அந்தப் பயிற்சி இல்லாமல் வழக்கம்போலக் கற்றவர்களிடம் 100க்கு 26க்கு மேல். அந்த ஆய்வில் பயன்படுத்திய மதிப்பெண் அட்டை 20 படிகள் கொண்டது, படிக்கு 2 மதிப்பெண், மொத்தம் 40. நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம். அவர் தனக்குத்தானே மதிப்பெண் போட்டு அனுப்புவார், நான் தனியாகப் போடுவேன், பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவோம். எங்கே இருவர் மதிப்பெண்ணும் வேறுபடுகிறதோ அங்கேதான் பாடம் இருக்கும்.

வீடியோ அனுப்புவதில் ஒரே ஒரு விஷயம். வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் படத்தை நசுக்கிவிடும், உறையின் ஓரம் தெரியாது. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள். மைக்ரோஸ்கோப் கண்ணாடியில் போனை மாட்டும் சின்ன ஸ்டாண்டு போதும், பெரிய கேமரா வேண்டாம். நோயாளியின் பெயர் ஒட்டிய சீட்டு எங்கேயும் படத்தில் விழக்கூடாது. வீடியோ நாடு தாண்டிப் போகிறது என்பதை அவருடைய மொழியிலேயே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

டனல் போடும்போது கத்தி எவ்வளவு ஆழத்தில் போகிறது என்பதை நான் கையால்தான் தெரிந்துகொள்வேன். எங்கள் ஊர் மாணவர் என்றால் அவர் கையின் மேல் என் கையை வைத்து, "இந்த எதிர்ப்பு தெரியுதா? இது போதும்" என்பேன். திரையில் எதை வைப்பது? முதல் சில வாரம் "கொஞ்சம் மேலே", "ரொம்ப ஆழம்", "மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். டனல் ஒரு நாள் மேலோட்டமாகப் போய்க் கூரை ஓட்டையாகும், மறுநாள் ஆழமாகப் போய் நேரத்துக்கு முன்பே உள்ளே திறந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய வீடியோக்களைப் போட்டு, என் கையை நானே வேறொருவர் கை மாதிரி பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: சரியான ஆழத்தில் போகும்போது வெள்ளைவிழிக்கு அடியில் கத்தியின் உருவம் மங்கலாக, நிழல் மாதிரித் தெரிகிறது. மெல்லிய வேட்டித் துணிக்கு அடியில் கையை வைத்தால் தெரியுமே, அப்படி. கத்தியின் பளபளப்பே தெரிந்தால் மேலோட்டம். நிழலே மறைந்தால் ஆழம். பாடப் புத்தகங்களிலும் இருக்கிற விஷயம்தான். ஆனால் கை இருக்கும்போது எனக்கு அது தேவைப்படவில்லை. அடுத்த செவ்வாய் "ஆழம்" என்ற சொல்லையே விட்டுவிட்டு, "நிழல் தெரிகிறதா?" என்று மட்டும் கேட்டேன். மூன்று ஆட்டுக்கண்ணில் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

அதேபோல உறை கிழிப்பது. லென்ஸின் முன்பக்கத்து உறையை ஊசி முனையால் குத்தி, வட்டமாக உரித்தெடுக்க வேண்டும். மே மாதம், எங்கள் தெருவில் நுங்கு வண்டி வந்திருந்தது. நுங்கு உரித்தவர்களுக்குத் தெரியும்: மேல்தோலை நேராகத் தூக்கி இழுத்தால் அது தன் இஷ்டத்துக்குக் கிழிந்து, சதையும் சேர்ந்து பிய்ந்து, உள்ளே இருக்கிற தண்ணீர் வழிந்துவிடும். உரித்த துண்டை மடித்து நுங்கின் மேலேயே படுக்கவைத்து, ஓரமாக இழுத்தால் தோல் சொன்ன பேச்சைக் கேட்டுச் சுற்றிவரும். கேமராவுக்குக் கீழே நான் நுங்கு உரித்துக் காட்டினேன். அவர் அங்கே வெந்நீரில் போட்டெடுத்த தக்காளியில் அதையே செய்தார். "தூக்காதே, மடி, படுக்கவை, ஓரமாக இழு." இந்த நாலு செயலும் திரையில் தெரிகிறவை. விரலில் எவ்வளவு அழுத்தம் என்பது தெரியாது, துண்டு மடிந்திருக்கிறதா இல்லையா என்பது தெரியும். இப்படி ஒவ்வொரு படிக்கும் ஓர் அடையாளத்தைத் தேடி அந்த நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எங்கள் ஊர் மாணவர்களுக்கும் இப்போது அந்த நோட்டிலிருந்துதான் சொல்லிக்கொடுக்கிறேன்.

சிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து பயிற்சி எடுத்தவர், பதினைந்து வருடமாகத் தியேட்டரில் இருக்கிறார். ஆரம்பத்தில் லேப்டாப்பைப் பார்த்துக்கொள்ளத்தான் அவரை அழைத்தேன். ஒரு நாள் திரையில் உறை சரியாகத் தெரியவில்லை, மங்கலாக இருந்தது. நான் கேமராவைக் குறை சொன்னேன். ஃபோகஸ் மாற்றச் சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "மேடம், கேமரா இல்ல. கருவிழி காயுது. அங்க யாரும் தண்ணி விடல."

உண்மைதான். கண்ணைத் திறந்து வைத்திருக்கும்போது கருவிழி காயாமல் அடிக்கடி சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். நம் தியேட்டரில் சிஸ்டர்கள் கேட்காமலே விடுவார்கள். கேட்காமல் நடப்பதால் அப்படி ஒன்று நடக்கிறது என்பதே என் நினைவில் இல்லை. அங்கே நர்ஸுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. எங்கள் மூன்று சொற்களில் 'தண்ணி' வந்தது அதனால்தான்.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு செவ்வாய் சிஸ்டருடையது. அந்தப் பக்கம் டாக்டர் இருக்கமாட்டார், இரண்டு நர்ஸ்கள் இருப்பார்கள். கருவிகளை எந்த வரிசையில் அடுக்குவது, எந்தக் கோணத்தில் டாக்டர் கையில் வைப்பது, ஒரு நோயாளி முடிவதற்குள் அடுத்தவரை எப்படித் தயார் செய்வது, லென்ஸ் பெட்டியின் பவரை யார் சத்தமாக வாசிப்பது என்றெல்லாம் சிஸ்டர் செய்து காட்டுவார். இவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், அவர்களுக்கும் கொஞ்சம். கை பேசிக்கொள்ளும். அந்தத் தியேட்டரில் ஒரு நாளைக்குச் செய்யும் எண்ணிக்கை கூடியதற்கு என் வகுப்பைவிட சிஸ்டரின் வகுப்புதான் காரணம் என்று அந்த சீனியர் எழுதியிருந்தார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். டாக்டருக்கு மட்டும் பயிற்சி என்று திட்டம் போடுகிறவர்கள், தியேட்டர் என்பது எத்தனை பேருடைய கை என்பதை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத் திட்டம் போடட்டும்.

கரண்டு, இன்டர்நெட் தொல்லைகள் இருக்கத்தான் செய்தன. அதற்குப் பெரிய வைத்தியம் இல்லை. படம் போனாலும் குரல் நிற்காதபடி தனியாக ஒரு போன் லைன் வைத்துக்கொண்டோம். குரலும் போனால் அங்கே இருக்கும் சீனியர் பார்த்துக்கொள்வார், எங்களுக்காகக் காத்திருக்கக்கூடாது என்பது ஏற்பாடு. சித்திரைத் திருவிழா சமயத்தில் ரோடெல்லாம் அடைத்துவிடுவார்கள், ஆஸ்பத்திரிக்கு வர முடியாது. அந்த வாரம் வீட்டிலிருந்தே வீடியோ பார்த்துக் குறிப்பு அனுப்பிவிடுவேன்.

இத்தனைக்கும் பிறகு ஒன்று மட்டும் சரியாகவில்லை. அவர் உறையை வட்டமாக உரிக்கும்போது பத்தில் மூன்று நான்கு முறை அந்தக் கிழிசல் ஓரத்துக்கு ஓடிவிடும். அநேகமாக ஒரே இடத்தில். நான் எட்டு மாதம் அவருடைய வலது கையைத் திருத்தினேன். ஊசியின் கோணம், துண்டை மடிக்கும் விதம், எங்கே விட்டு எங்கே பிடிப்பது, எல்லாம் மாற்றிப் பார்த்தோம். மதிப்பெண் அட்டையில் அந்தப் படியில் மட்டும் 1 தான் வரும். அவருக்கும் சோர்வு வந்துவிட்டது. எனக்கும் வார்த்தை தீர்ந்துவிட்டது.

2023இல் விசா கிடைத்து இரண்டு வாரத்துக்கு மதுரை வந்தார். வந்த மறுநாள் காலை வெட் லேப் என்கிற பயிற்சி அறையில் ஆட்டுக்கண்ணை வைத்து உட்கார்ந்தோம். அவர் வலது கையின் மேல் என் கையை வைத்தேன். கை பூப்போல இருந்தது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏதோ தோன்றி, கண்ணை அசையாமல் பிடித்திருந்த இடது கையின் மேல் கையை வைத்தேன். இரும்பு மாதிரி இருந்தது. அதில் இருந்த ஃபோர்செப்ஸ் இடுக்கியால் அவர் கண்ணைப் பிடிக்கவில்லை, கீழே அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்த அழுத்த உள்ளே நிரப்பிய ஜெல் டனல் வழியாகக் கசிந்து, கருவிழிக்கும் லென்ஸுக்கும் நடுவே உள்ள முன்னறையின் ஆழம் குறைந்து, லென்ஸ் மேலே எழும்புகிறது. எழும்பிய லென்ஸின் மேல் கிழிசல் சரிவில் உருளும் பந்து மாதிரி ஓரத்துக்கு ஓடத்தான் செய்யும். அவருடைய வலது கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"டாக்டர், இடது கையை விடுங்கள்" என்றேன். விட்டார். கண் தானாக நிமிர்ந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

அந்த இரண்டு வாரமும் வேறு எதுவும் அதிகம் செய்யவில்லை, இடது கைதான். கண்ணைப் பிடிப்பது என்பது அது திரும்பாமல் பார்த்துக்கொள்வது மட்டும், அமுக்குவது இல்லை. விட்ரியஸ் வந்துவிட்டால் சமாளிக்கும் பயிற்சியையும் நேரில்தான் கொடுத்தேன். அதைத் திரையில் சொல்லிக்கொடுக்க இன்றுவரை நான் ஒத்துக்கொள்வதில்லை. யாராவது முழுப் பயிற்சியையும் ஆன்லைனிலேயே முடித்துச் சான்றிதழ் கொடுக்கிறோம் என்றால், அதில் சேராதீர்கள். ஒரு வருடத்தில் இரண்டு வாரமாவது ஒரு கையின் மேல் இன்னொரு கை பட வேண்டும்.

அவர் கிளம்பும் அன்று சிஸ்டர் இரண்டு சுங்குடிச் சேலைகளை மடித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தார், அங்கே இருக்கும் இரண்டு நர்ஸ்களுக்காக. இவர் அவர்களை நேரில் பார்த்ததே இல்லை.

அவரை அனுப்பிவிட்டு வந்த இரவு, அவருடைய பழைய வீடியோக்களை எல்லாம் மறுபடி போட்டுப் பார்த்தேன். கிழிசல் ஓடுவதற்குச் சில விநாடி முன்பாக, கருவிழியில் மெல்லிய மடிப்புக் கோடுகள் விழுகின்றன. மைக்ரோஸ்கோப் விளக்கின் வெள்ளைப் புள்ளி கருவிழியில் பிரதிபலிக்குமே, அது வட்டமாக இல்லாமல் நீண்டு கோணுகிறது. முதல் வீடியோவில் இருக்கிறது, பத்தாவதில் இருக்கிறது, முப்பதாவதிலும் இருக்கிறது. எட்டு மாதம் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. நான் கருவி முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன், வெளிச்சப் புள்ளியைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத் தொட்ட பிறகுதான் அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தது.

நோட்டில் அன்றே எழுதிவைத்தேன்: "வெளிச்சப் புள்ளி கோணினால், இடது கை." இப்போது புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களின் முதல் வீடியோ வந்ததும், நானும் சிஸ்டரும் சத்தத்தை நிறுத்திவிட்டு, கத்தியையோ விரலையோ பார்க்காமல், முதலில் அந்தப் புள்ளியைத்தான் பார்க்கிறோம்.